உள்ளங்கையில் ஒரு சொட்டு

குன்னத்துகால் சந்தையில் இறைச்சி வெட்டுகிற ரெத்தினதாஸைக் கேட்டால், சுகுமாரியைப் போல ஆளைப் போட்டுப் படுத்துகிற பெண்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வான். மற்றவர்கள் வருவார்கள், ஒரு கிலோ என்பார்கள், வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். சுகுமாரி ஓடமாட்டாள். கொக்கியில் தொங்கும் எருமைப் போத்தின் தொடையை விரலால் குத்திப் பார்ப்பாள். கொழுப்பின் நிறத்தைப் பார்ப்பாள். "இது உழுது ஓய்ஞ்ச சாதனமாக்கும். இதெ வேக வைக்க ஒரு பாரம் வெறகு போராது" என்று கடையில் நிற்கிற மற்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொல்வாள். வறுப்பதற்குத் தொடை, சாறு வைக்க நெஞ்செலும்பு, மரச்சீனிக் கிழங்கோடு போட்டுக் கிளற விலா. இடம் மாறி வெட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ரெத்தினதாஸ் முணுமுணுத்துக்கொண்டே அவள் காட்டின இடத்தில் கத்தியை வைப்பான்.

அந்த அதிகாரம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் இரும்புச் சட்டியில் தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் போட்டு, வெந்த இறைச்சியைத் தேங்காயெண்ணெயில் கறுக்கக் கறுக்கப் பிரட்டும்போது எழுகிற மணத்துக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஜெபகுமாரி சர்ச்சிலிருந்து வருகிற வழியில் வேலிக்கருகில் நின்று, "அக்கா, இந்த மணத்தெ வச்சுட்டு மனுஷி எப்படி நல்ல சிந்தனையோட வீட்டுக்குப் போவா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பாத்திரத்தை நீட்டுவாள்.

இத்தனை கெட்டிக்காரிக்கும் ஒரே ஒரு காரியத்தில் அதிகாரம் கிடையாது. அது உப்பு.

உப்பு அவள் புருஷன் பொன்னப்பனுடையது. கொத்தவேலை செய்கிற மனிதர். சுவர் கட்டும்போது எப்படித் தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பாரோ அப்படித்தான் கறிக்கும். சட்டி இறங்கப் போகிற நேரத்தில் அவள் கூப்பிடுவாள், அவர் அடுக்களை வாசற்படியில் வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டுவார். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்று காய்ப்பேறிய அந்த உள்ளங்கையில் அகப்பையிலிருந்து ஒரு சொட்டுச் சாறு விடுவாள். அவர் நக்கிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்து, "ம்" என்பார். அல்லது, "ஒரு நுள்ளு போடு" என்று ஒரு சிட்டிகை கூட்டச் சொல்வார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"எனக்க நாக்கு என்ன மரக்கட்டையா? நான் பாத்துத்தானே போட்டேன்!" என்று அவள் சண்டைக்கு நிற்பாள். நின்றுகொண்டே ஒரு நுள்ளு போடுவாள். கல்யாணம் ஆன நாள் முதல் இதுதான் நடப்பு. மகன் மனு ஆட்டோ ஓட்டுகிறவன், வாய்த் துடுக்கு. "அப்பாக்க கையில சீல் விழாத கறிக்கு இந்த வீட்டுல பெர்மிட் இல்லே" என்பான்.

அப்படிப்பட்ட நாக்கில்தான் வினை வந்து உட்கார்ந்தது. வெற்றிலையோடு புகையிலையை அதக்கி அதக்கிக் கன்னத்தின் உள்ளே ஒரு புண். ஆறிவிடும் ஆறிவிடும் என்று அவர் மறைத்தார். ஆண்பிள்ளைகளுக்கு இதில் ஒரு வீம்பு. கடைசியில் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது, ஆடாத பல்லும் ஆடின பல்லுமாகப் பாதியைப் பிடுங்கிவிட்டு, கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு ஊரில் அப்படித்தான் பெயர். வெயில் காலம் முழுக்க மனுவின் ஆட்டோ நெய்யாற்றின்கரை வழியாகப் போய்ப் போய் வந்தது. முடிந்ததும் டாக்டரம்மா நல்ல வார்த்தைதான் சொன்னாள். புண் போய்விட்டது. இனி ஆகாரம்தான் மருந்து. முட்டை, மீன், இறைச்சி, எது இறங்குமோ அதைக் கொடுங்கள். நாக்கில் ருசி கொஞ்ச காலத்துக்குத் தெரியாது, பயப்பட வேண்டாம். காரமும் உப்பும் புண்பட்ட வாயை எரிக்கும், பார்த்துப் போடுங்கள். எல்லாம் சொல்லிவிட்டு எடை பார்க்கிற இயந்திரத்தைக் காட்டி, மலையாளத்தில் எச்சரித்தாள்.

"ஓணம் கழிஞ்ஞு வரும்போள் வெயிட் கூடியில்லெங்கில் மூக்கில் கூடி டியூப் இடேண்டி வரும், கேட்டோ."

ஓணம் கழிந்தும் எடை கூடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் என்பதுதான் பொன்னப்பனின் காதில் நின்றது. ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகு, கதிர் பட்ட நாக்கு குழறக் குழறச் சொன்னார். "ஏட்டி, குழாய் மட்டும் வேண்டாம். ஜெயனுக்குப் போட்டதெ நான் பாத்தவனாக்கும்."

ஜெயன் அவரோடு சாரத்தில் நின்று வேலை செய்த கூட்டாளி. அவனுக்கும் இதே நோய். மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தான், குழாயோடேயே போனான். அந்தக் குழாயைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை பொன்னப்பன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சுகுமாரிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. குழாய் போட்டால் இந்த மனிதர் அன்றைக்கே உள்ளுக்குள் செத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஓணத்துக்குள் உடம்பில் சதை ஏற வேண்டும். அவளுக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

பிரார்த்தனை என்றால் சும்மா கையைக் கூப்பிவிட்டு வருகிறவள் இல்லை அவள். ஊர்க் கடைசியில் பத்ரகாளிக்கு ஒரு முடிப்புரைக் கோயில் உண்டு. அங்கே போய் நடையில் நின்று, அம்மையிடம் நேருக்கு நேர் பேசினாள். "அம்மே, அவரு ஒரு தட்டுச் சோறு எறச்சி கூட்டி, முழுசாட்டுத் தின்னு எழும்புறது வரெ, எனக்க வீட்டுல வேற ஒருத்தருக்க நாக்குலயும் எறச்சியும் மீனும் தொடாது. ஒரு சொட்டுச் சாறுகூடத் தொடாது. நீ பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து மகனிடமும் மருமகள் பிந்துஜாவிடமும் சொன்னாள். மனு ஒரு வேளை மீனில்லாமல் கஞ்சி குடிக்காதவன். அப்பாவுக்காக என்றதும் தலையாட்டினான். பிந்துஜா பாறசாலையில் துணிக்கடையில் நிற்கிறவள். "மாமாகிட்ட சொல்லாண்டாமா மாமி?" என்று கேட்டாள். "நேர்ச்சையெ யாருக்காவ நேர்ந்தமோ அவங்ககிட்ட சொன்னா பலம் போயிரும்" என்று சுகுமாரி வாயை அடைத்துவிட்டாள். உண்மையில், சொன்னால் அவர் திட்டுவார் என்ற பயமும் இருந்தது.

முதல் நாள் நெஞ்சு இறைச்சி வாங்கி, சின்னச் சின்னதாக அரிந்து, மிளகாய் சேர்க்காமல், தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். தனியாக ஒரு சின்னச் சட்டி. கிலோக் கணக்கில் சமைத்த கைக்கு அந்தச் சின்னச் சட்டியே புதிது. உப்புப் போடும்போது டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து கை பயந்தது. விரல் நுனியில் ஒட்டினதை மட்டும் தட்டினாள். அகப்பையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகப் போனவள், நேர்ச்சை ஞாபகம் வந்து சட்டென்று கீழே வைத்தாள். அவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ருசி தெரியாத மனிதரிடம் போய் உப்புப் பார் என்பது கால் ஒடிந்தவனை ஓடச் சொல்வது போல ஆகிவிடாதா? பாவம், மனம் நோகும். அதனால் கூப்பிடவில்லை.

தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். பொன்னப்பன் ஒரு வாய் எடுத்து, மிஞ்சின பற்களால் மெதுவாக அரைத்து, "உப்பில்லே" என்றார்.

சுகுமாரி மனுவைப் பார்த்தாள். மனு பிந்துஜாவைப் பார்த்தான். டாக்டரம்மா சொன்னது சரியாகத்தான் போயிற்று, ருசி போய்விட்டது என்று மூவரும் நினைத்தார்கள். பிந்துஜாவின் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பார்வைகளை எல்லாம் பொன்னப்பன் கண்டார். கண்டுவிட்டு, அடுத்த வாயை விழுங்க முடியாமல் தட்டைத் தள்ளினார். அதற்குப் பிறகு உப்பைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "போரும்", "பசியில்லே", "நாளைக்குப் பாக்கலாம்." இவ்வளவுதான்.

சுகுமாரி என்ன நினைத்தாள்? இறைச்சிதான் கடினமாக இருக்கிறது என்று நினைத்தாள். பாதிப் பல் போன மனிதரால் அதை மெல்ல முடியவில்லை. மெத்தென்று ஆக்கிவிட்டால் தின்றுவிடுவார். அவ்வளவுதானே காரியம்? எலியைப் பிடிக்க மலையைக் கெல்ல ஆரம்பித்தாள்.

குக்கரில் வைத்து விசில் விசிலாக அடிக்கவிட்டாள். தொடை இறைச்சி வெந்தது, ஆனால் சாறெல்லாம் போய் நார் நாராக நின்றது. அவர் ஒரு நாரை வாயிலிருந்து இழுத்து வெளியே போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கிறவர் போல அவளைப் பார்த்தார். மறுநாள் ரெத்தினதாஸிடம் போய் முன்னங்காலின் கணுக்கால் தசையைக் கேட்டாள்.

"அது சவ்வாக்கும் அக்கா. யாரும் வாங்கமாட்டாவ."

"அந்தச் சவ்வுதாம்லே எனக்கு வேணும். குக்கர்ல வச்சா செருப்பு, மண்சட்டியில நாள் முழுக்க சின்னத் தீயில கெடந்தா பாயசம்."

மண்சட்டியில் போட்டு, வாயை மாவால் அடைத்து, மூடியின் மேல் கொஞ்சம் கனலை அள்ளி வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்தாள். சவ்வெல்லாம் கரைந்து சாறு கையில் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. வேறு நாளானால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பாள். பொன்னப்பன் நாலு வாய் தின்றார்.

ஜெபகுமாரி போனில் ஏதோ பார்த்துவிட்டு வந்து, பச்சைப் பப்பாளியை அரைத்துப் புரட்டி வைத்தால் இறைச்சி வெண்ணெயாகிவிடும் என்றாள். சுகுமாரி எதிலும் பாதியோடு நிற்கிறவளா? ராத்திரியே புரட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் சட்டியில் இறைச்சி என்று ஒன்று இல்லை. கூழ் இருந்தது. கோழிக்குக்கூடப் போட மனசு வராமல் தென்னைக்கு உரமாகப் புதைத்தாள். "வெண்ணெயாகும்ணு சொன்னியே, இது ஒட்டுப்பசையாட்டு ஆயிருக்கு" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஜெபகுமாரியைக் கடிந்துகொண்டாள். அவள் அதற்கெல்லாம் சளைக்கிறவள் இல்லை. "ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னேனா நான்? அரமணிக்கூறு போரும்ணுல்லா அதுல சொன்னான்" என்றாள்.

பிறகு ஆட்டுக்கால் சூப்பு. எலும்பின் மஜ்ஜை உருகுகிற வரை கொதிக்கவிட்டது. ஆட்டு ஈரலை இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து மசித்தது. இறைச்சியை மிக்ஸியில் கொத்தி, வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் சுட்டது. கிழங்கையும் விலா எலும்பையும் ஒன்றாக வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் குழைத்தது. ஒவ்வொன்றுக்கும் புதுச் சட்டி, புதுத் தீ, புது நம்பிக்கை. ஒன்றுக்கும் அவள் நாக்குச் சாட்சியில்லை.

ஒரே ஒரு நாள் சந்தேகம் வந்து ஜெபகுமாரியைக் கூப்பிட்டு, ஒரு கரண்டி சூப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஜெபகுமாரி குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு அக்கா, பாகம் செரிதான்" என்றாள். சுகுமாரிக்கு மனம் நிம்மதியானது. ஜெபகுமாரிக்குப் பிரஷர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி வருஷக்கணக்காகிறது. உப்பில்லாத குழம்பையே தின்று தின்று அதுதான் குழம்பு என்றாகிவிட்டது அவளுக்கு. ஆளைப் பிடித்தாளே ஆளை!

ஆடி பிறந்து மழை கொட்டியது. பொன்னப்பனின் தோள் எலும்பு சட்டைக்குள் தெரிய ஆரம்பித்தது. அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். எச்சில் வழிகிறது, நேரம் எடுக்கிறது, கூச்சம். தன் முறியிலேயே, படுக்கிற அறையிலேயே, சாப்பிடுகிறேன் என்றார். சுகுமாரி தட்டைக் கொண்டுபோய்க் கட்டிலின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் கூசாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வருவாள். வெளியே மூன்று பேரும் கஞ்சியும் பயறும் தின்பார்கள். பாதி தட்டு திரும்பி வரும். பிறகு முக்கால் தட்டு திரும்பி வந்தது. பேருந்தில் மூக்கில் குழாயோடு யாராவது ஏறினால் சுகுமாரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முடிப்புரைப் பக்கம் போகிறபோதெல்லாம், "அம்மே, நான் வாக்குத் தவறல்லே, நீ தவறிராதே" என்று ஞாபகப்படுத்தினாள்.

வாவு வந்தது. ஆடி அமாவாசைக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அன்று செத்துப்போன முன்னோர்களுக்குப் படைப்பு வைக்க வேண்டும். அவர்கள் உயிரோடிருந்தபோது எதை ஆசையாகத் தின்றார்களோ அதைச் சமைத்து, ஒரு முறியில் விளக்கேற்றி, இலைபோட்டு விளம்பி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து தின்றுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டித் திறந்து, அந்த இலையிலிருப்பதை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுத் தின்பார்கள். பொன்னப்பனின் அப்பாவுக்குப் பிடித்தது தேங்காய்க் கொத்துப் போட்ட மாட்டிறைச்சியும் மரச்சீனியும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். கிழவர் தின்று, மகன் தின்று, பேரன் தின்ற வீடு அது. செத்த பிறகு அவருக்குப் பருப்பும் அப்பளமும் வைத்தால் நியாயமா?

சுகுமாரி ஒரே சட்டியாக வைத்தாள், அப்பனுக்கும் மகனுக்கும். கணுக்கால் தசையை மண்சட்டியில் குழைய வேகவைத்து, பிறகு எண்ணெயில் லேசாகப் பிரட்டி. படைப்புக்கு வைப்பதை எப்படியும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. உப்புப் பாத்திரத்துக்குள் போன கை, பழகின பழக்கத்தில், விரல் நுனியில் ஒட்டினதைத் தட்டிவிட்டுத் திரும்பியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பொன்னப்பன் தளர்ந்த காலோடு குளித்துவிட்டு வந்து, தானே இலைபோட்டு, தானே விளம்பினார். அப்பாவின் பழைய செம்பில் தண்ணீர் வைத்தார். கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு தன் முறிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சுகுமாரி அவருக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதே இறைச்சி, அதே கிழங்கு. வைத்துவிட்டு வெளியே வந்து, எப்போதும் போலக் கதவைச் சாத்தினாள்.

நேர்ச்சையால் இந்த வருஷம் படைப்பில் பங்கு வேண்டாம் என்று வைத்திருந்த மூன்று பேரும் நடுமுறியில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள். ஒரு வாய் எடுத்திருக்கமாட்டார்கள், கதவு படீரென்று திறந்தது.

பொன்னப்பன் கையில் தட்டோடு நின்றார்.

"எலே மனு, உனக்கு எறச்சி எங்கலே?"

"வயிறு செரியில்லே அப்பா."

"பிந்துஜா, உனக்கு?"

பிந்துஜா மாமியைப் பார்த்தாள்.

"அந்த முறியில எங்கப்பனுக்கு ஒரு எல. வச்சுட்டுக் கதவெச் சாத்தியாச்சு. இந்த முறியில எனக்கு ஒரு தட்டு. வச்சுட்டுக் கதவெச் சாத்தியாச்சு." குரல் குழறினாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. "வெளிய நீங்க மூணு பேரும் சாவுப் புலை காக்குற வீடாட்டு கஞ்சியும் பயறும். இன்னைக்கு நேத்தைக்கு இல்லே, ரெண்டு மாசமாட்டு நான் பாத்துட்டு வாறேன். வாயெத் தொறந்து கேக்க தைரியம் இல்லாமெ இருந்தேன். ஏட்டி சுகுமாரி, நான் எப்பம்டி செத்தேன்? எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

சுகுமாரியின் கையிலிருந்த கிண்ணம் கீழே போயிற்று. கஞ்சி தரையில் ஓடியது. அய்யோ, இந்த மனிதர் இத்தனை நாளும் சாத்தின கதவுக்குப் பின்னால் இதையா நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தன் படைப்பையா பார்த்தார்!

"அப்படிச் சொல்லாதுங்க! எனக்க பொன்னு மனுக்கப்பா, அப்படிச் சொல்லாதுங்க!" என்று கதறிவிட்டாள். அழுகைக்கு நடுவே நேர்ச்சையைச் சொன்னாள். முடிப்புரை நடையில் நின்றது, வாக்குக் கொடுத்தது, ஒரு சொட்டுச் சாறுகூட யாரும் தொடாதது, எல்லாம்.

பொன்னப்பன் கேட்டுக்கொண்டு நின்றார். கோபம் இறங்கிற்று. ஆனால் பிடிவாதம் இறங்கவில்லை.

"அப்போ நான் தின்னு முடிச்சாத்தான் நீங்க தின்னுவிய."

"ஓ" என்று அவள் தலையாட்டினாள்.

"நீங்க தின்னாத்தான் நான் தின்னுவேன். செத்தவனாட்டுத் தனியே இருந்து இனி ஒரு வாய் எறங்காது."

"அது பற்றாதுங்க, முடியவே முடியாது. வாக்கு குடுத்தாச்சு."

"அப்போ இதும் பற்றாது." அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"நல்ல கதை!" என்றாள் பிந்துஜா, அழுகையும் எரிச்சலுமாக. "மாமா தின்னா மாமி தின்னுவாவ. மாமி தின்னா மாமா தின்னுவாவ. அதுக்குள்ள ஓணம் வந்து, குழாயும் வந்துரும்."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. சுகுமாரி அந்தத் தட்டையே பார்த்தாள். தொட்டால் அம்மை இவரை எடுத்துக்கொள்வாள். தொடாவிட்டால் இவர் தானாகவே போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு இறைச்சி. அவள் அம்மையைப் பயந்து வளர்ந்தவள். பொங்கல் பானை சாய்ந்து பொங்கினாலே மூன்று நாள் தூங்காதவள்.

பிறகு கண்ணைத் துடைத்தாள். தெற்கே முடிப்புரை இருக்கிற திசையைப் பார்த்து, வாய்விட்டே சொன்னாள். "அம்மே, நான் வாக்குத் தவறுதேன். கணக்கு வைக்கதுண்ணா எனக்க தலையில வை. இவருக்க தலையில வைக்காதே." சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இறைச்சி நாக்கில் கரைந்தது. இரண்டு மாதமாக அவள் தேடின பதம். பொன்னப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவள் வாய் நின்றது. நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்தாள்.

"இதுல... உப்பில்லியே!"

மனு எட்டி ஒரு துண்டை எடுத்தான். மென்றான். "அம்மோ, இதுல உப்புண்ணு ஒரு சாதனமே இல்லே!" என்றான். பிந்துஜாவும் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "மாமி, இதெயா மாமாவுக்கு இவ்வளவு நாளும் குடுத்திய?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்னப்பன் மிக மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கும் உப்பில்லியா?"

யாருக்கும் அந்தக் கேள்வி உடனே புரியவில்லை. புரிந்தபோது சுகுமாரி அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மொத நாளே சொன்னேனே" என்றார் அவர். கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கி, கதிர் பட்டுக் கறுத்த கழுத்தில் ஓடியது. "உப்பில்லேண்ணு சொன்னேன். நீங்க ஒருத்தருக்க மூஞ்சியெ ஒருத்தர் பாத்திய. அப்பம் நான் நெனச்சேன், எனக்க நாக்கு செத்துப் போச்சு, இனி திரும்பாதுண்ணு. அதுக்கப்பொறம் எதுக்குச் சொல்லணும்? உங்களெக் கரைஞ்சு அழ வைக்கவா? உங்களுக்கும் இல்லியா? உள்ளதாட்டே உப்பில்லியா?"

"இல்லே, இல்லே! உங்களுக்க நாக்கு செத்தில்லே! எனக்க புத்தியாக்கும் செத்துது!" சுகுமாரி தன் தலையிலேயே ரெண்டு போடு போட்டுக்கொண்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் பண்டத்தை மாற்றினாள், சட்டியை மாற்றினாள், தீயை மாற்றினாள், ரெத்தினதாஸின் உயிரை வாங்கினாள். கைக்கு எட்டின இடத்தில் இருந்த உப்புப் பாத்திரம் மட்டும் கண்ணில் படவில்லை. உப்புப் பார்க்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு, பாவம் என்று எண்ணி, கதவைச் சாத்தி வைத்தாள்.

எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, தேங்காய்க் கொத்தைப் பல் குறைந்த வாய்க்கு ஏற்றாற்போலச் சீவிப் போட்டு, கறிவேப்பிலை உருவிப் போட்டு, மண்சட்டியிலிருந்ததை எல்லாம் கவிழ்த்தாள். உப்புப் பாத்திரத்தைத் திறந்து, பழைய சுகுமாரியாக அள்ளிப் போட்டாள். பிரட்டப் பிரட்ட, அந்த வீட்டிலிருந்து காணாமல் போயிருந்த மணம் எழும்பி மழைக்குள் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஜெபகுமாரி வீட்டு ஜன்னல் திறந்தது.

"இஞ்ச வாருங்க!" என்று சுகுமாரி கூப்பிட்டாள். "வந்து கையெ நீட்டுங்க!"

பொன்னப்பன் வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அடுக்களை வாசற்படியில் அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். காய்ப்பெல்லாம் உதிர்ந்து, கை மெலிந்து போயிருந்தது. அந்த உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அவள் அகப்பையோடு நின்றாள். மனுவும் பிந்துஜாவும் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் நக்கினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எரிவு கொஞ்சம் தெரியுது" என்றார். "தேங்காய் தெரியல்லே." இன்னும் கொஞ்ச நேரம் நாக்கைச் சப்பினார். முகம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. "உப்பு உண்டு" என்றார். சின்னப் பிள்ளை தொலைத்த பொருளைக் கண்டுபிடித்துச் சொல்வது போலச் சொன்னார். "ஏட்டி, உப்பு உண்டு!"

மனு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய துடுக்கோடு ஏதோ சொல்லப் போனான். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ, தாத்தாக்க எலை! உள்ள அவரும் உப்பில்லாமெ இருந்து தின்னுட்டு இருப்பாரே!"

பிந்துஜாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். பொன்னப்பன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போலே, போய்க் கதவெத் தட்டிட்டு, அவருக்க எலையிலயும் ஒரு நுள்ளு உப்பு வையி. இல்லெங்கி ராத்திரி கனவுல வந்து என்னெக் காலால சவுட்டுவாரு. வச்சுட்டு நம்ம நாலு பேருக்கும் நடுமுறியில எலை போடு."

மனு போனான். சுகுமாரி சட்டியை இறக்கத் துணியை எடுத்தாள்.

"நில்லு" என்றார் பொன்னப்பன். நாக்கை இன்னொரு தடவை உதட்டில் ஓட்டிவிட்டு, கூரையைப் பார்த்தார். "ஒரு நுள்ளு போடு."

அவள் வாயைத் திறந்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் சொல்லிவந்த பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, உப்புப் பாத்திரத்தில் கையை விட்டு ஒரு நுள்ளு எடுத்துப் போட்டாள். சண்டை பிடிக்காமல் அவள் போட்ட முதல் நுள்ளு அதுதான்.